மிருதங்கத்துக்குள் ஒரு கணக்கு

சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையோ 1, 2, 3, 4, 5 என்று வீணைத் தந்தியைப் போல வரிசை கட்டுகிறது.

சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றிக் குறிப்பு எழுதினார். பெங்களூருக்கு வந்தபின் 1934இல் விரிவான கட்டுரையே எழுதினார். தோல்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கிக் கோலம் போடும். அந்தக் கோலங்களை வைத்து, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே ஒலிகளுக்குள் அடங்குவதைக் கண்டார். சூட்சுமம் நடுவிலுள்ள கரணையில். கல்பொடியும் சோறும் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றிய அந்தக் கருவட்டத்தின் கனம்தான் அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது.

ராமனுக்கு மணல், நமக்கு மடிக்கணினி. வீட்டில் உட்கார்ந்தபடியே, 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் 'நம்' என்ற மிருதங்கச் சொல் ஒன்றைப் பதிவுசெய்து அதன் அதிர்வெண் படத்தை வரையச் சொல்லுங்கள். சிகரங்கள் ஏறக்குறையச் சம இடைவெளியில் எழுந்து நிற்கும். இந்தக் கணக்கைக் கருவியே இல்லாமல், காதை மட்டும் நம்பிப் போட்டு முடித்தவர்கள் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள். முதல் பாராட்டு அவர்களுக்கே.