தணிக்கையாளர் கைவழியே ஒரு குரல்

முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களை டேவிட் ஒமிஸி 1999இல் தொகுத்து வெளியிட்டார். அதன் பிறகு, குறிப்பாக 2014இல் தொடங்கிய நூற்றாண்டு நினைவுகூரல்களில், இக்கடிதங்கள் சிப்பாயின் 'அசல் குரல்' என்பதாகவே வாசிக்கப்பட்டன. அசல் குரல் என்று ஒன்று இங்கே இருக்கிறதா? இவற்றுக்குள் எத்தனை கைகள் புகுந்திருக்கின்றன என்பதைத் தொகுத்தவரே முன்னுரையில் பேசுகிறார். முன்னுரையைத் தாண்டிக் குதித்து ஓடுபவர்கள் நாம்தான்.

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படை மார்சேய் துறைமுகத்தில் இறங்கியது. கெதார் கட்சியின் பிரசுரங்கள் சிப்பாயின் கைக்குப் போய்விடக்கூடாதே என்கிற பயத்தில் பிறந்ததுதான் இந்தியத் தபால் தணிக்கை. சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுதினார். தணிக்கை அலுவலகத்தில் ஹோவெல் என்ற அதிகாரியின் கீழ் அவற்றைப் பிரித்துப் படித்து, சிலவற்றைப் பொறுக்கி, வேண்டிய பகுதியை ஆங்கிலமாக்கி, வாராந்திர அறிக்கையோடு மேலே அனுப்பினார்கள். இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் அந்த ஆங்கிலத்தைத்தான். உருதுவிலும் குர்முகியிலும் இருந்த மூலம் நம் கைக்கு வருவதில்லை.

சிப்பாய்க்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். இந்தியப் படையைக் கறுப்பு மிளகென்றும் வெள்ளைப் படையைச் சிவப்பு மிளகென்றும் எழுதி, எது தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். படையில் சேராதே என்று தம்பிக்குச் சாடையாகச் சொன்னவர்கள் உண்டு. இதை எதிர்ப்பின் மொழி என்று கொண்டாடுகிறோம். சரி. ஆனால் தணிக்கையாளருக்குப் புரிந்துவிட்டதால்தான் இந்தச் சங்கேதம் ஆவணத்தில் ஏறியது. அவருக்குப் புரியாதவை சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். அவற்றைப் பற்றி ஆவணத்திற்கு ஒன்றும் தெரியாது. ஆக, நம் முன்னால் இருப்பது அதிகாரத்தால் ஒருமுறை வாசிக்கப்பட்டுவிட்ட எதிர்ப்பு மட்டுமே.

போர்முனைக்குப் பின்னால் நடந்த அன்றாட வாழ்வுக்கும் இது பொருந்தும். பிரைட்டனில் முன்னாள் அரச மாளிகையான பெவிலியன் 1914 டிசம்பரில் இந்தியக் காயம்பட்டோருக்கான மருத்துவமனையானது. ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். பேரரசின் பரிவைப் பறைசாற்ற நினைவுப் புத்தகம், அஞ்சலட்டைகள். அதே ஊரில் பழைய ஏழைகள் விடுதி ஒன்று கிச்சனர் மருத்துவமனையாக மாறியது. அங்கே சுவர்மேல் முள்கம்பி, துணையில்லாமல் வெளியே போகத் தடை. அதைச் சிறை என்று எழுதிய கடிதங்கள் உண்டு. பரிவும் முள்கம்பியும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகள். தனிக் குழாய் வைத்ததை மத நம்பிக்கைக்குக் கொடுத்த மரியாதை என்று மட்டும் வாசிப்பது போதாது. இந்தியனை இன்னின்ன சாதி, இன்னின்ன மதம் என்று பிரித்து அடுக்குகிற காலனியச் சொல்லாடல் குழாயடி வரைக்கும் வந்து நிற்கிறது.

சரி, அந்த ஒன்பது சமையலறைகளின் கழிவை அள்ளியது யார்? தரையைக் கழுவவும் கழிப்பறையைச் சுத்தம் செய்யவும் 'தீண்டத்தகாதவர்' என்று ஒதுக்கப்பட்டவர்களையே கடல்கடந்து கொண்டுபோனார்கள். பிராக்கன்ஹர்ஸ்ட் ஊரில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்த சுகா 1915 ஜனவரியில் இறந்தார். இந்துக்கள் எரிக்க மறுத்தார்கள், முஸ்லிம்கள் புதைக்க மறுத்தார்கள், கடைசியில் அவ்வூர்ப் பாதிரியார் தேவாலய இடுகாட்டில் இடம் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. ஊர்மக்கள் வைத்த கல் இன்றும் நிற்கிறது. அது அவரைப் பேரரசருக்குச் சேவை செய்த எளிய பணியாளர் என்கிறது. சாவிலும் அவரைப் பற்றி வேறு யாரோதான் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் கண்காணித்தான் என்பதோடு நம் வாசிப்பை முடித்துக்கொண்டால், பிணத்தைத் தொட மறுத்த அந்தச் சக 'இந்தியர்கள்' சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்கள். காலனியத்தை மட்டும் எதிரியாக நிறுத்துகிற தேசியக் கதையாடலுக்கு அது ரொம்பவும் வசதி.

இக்கடிதங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குரலை மட்டும் பிடுங்கி எடுக்காமல், அது வந்த வழியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். நம்மிடையே குவிகிற வாய்மொழி வரலாறுகளுக்கும் உண்மை அறியும் குழு அறிக்கைகளுக்கும் இது பொருந்தும். யார் கேட்டார், யார் எழுதினார், எந்த வரியை யார் வெட்டினார், யாரிடம் கேட்கவே இல்லை என்பவற்றை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நாம் எழுதியாக வேண்டும்.