போடிமெட்டு ஏற்றத்தில் டீசலைக் கேட்பது எப்படி?

போடி வட்டாரத்தில், பொட்டிபுரத்துச் சமதளச் சாலையில் ஓட்டினால் டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அது தெரிய மலையடிவாரத்து முந்தலைத் தாண்ட வேண்டும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் பின்னால் போங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு.

முதலில் ஒரு கணக்கு. 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். ஆளும் சாமானுமாக இரண்டரை டன் ஜீப் ஒன்று, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தை 40 நிமிடத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். உயரம் ஏற மட்டும் தேவைப்படுவது 14 குதிரைதான். உராய்வுக்கும் வளைவுக்கும் இன்னும் கொஞ்சம். அப்படியென்றால் 80 குதிரை உள்ள கார் ஏன் வளைவில் மூச்சு வாங்குகிறது?

அந்த 80-ம் எப்போதும் கையில் இருப்பதில்லை. 2020-க்கு முன் இரண்டு என்ஜின்களிலும் வந்த மாருதி ஸ்விஃப்ட்டைப் பாருங்கள். பெட்ரோலுக்கு 83 குதிரை, ஆனால் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. டார்க் 113 நியூட்டன் மீட்டர், 4,200 சுற்றில். டீசலுக்கு 75 குதிரைதான். டார்க் மட்டும் 190, அதுவும் 2,000 சுற்றிலேயே. டார்க் என்பது என்ஜின் தன் தண்டைத் திருகும் விசை. அதைச் சுற்றின் வேகத்தோடு பெருக்கினால் குதிரைத்திறன். 2,000 சுற்றில் டீசல் 54 குதிரை தரும். பெட்ரோல் தன் முழு டார்க்கையும் அங்கே கொடுத்தால்கூட 32-ஐத் தாண்டாது.

டீசலின் இந்த இழுவையில் பெரும்பங்கு, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு. பழைய மகிந்திரா ஜீப்புகளில் டர்போ கிடையாது; குறைந்த கியரை வைத்தே மலையேறின. கியர் டார்க்கைப் பெருக்கும், வேகத்தைக் குறைக்கும்.

இப்போது காதைத் தீட்டுங்கள். வளைவில் பெட்ரோல் கார் கியர் இறங்கியதும் குரலை உயர்த்திக் கத்தும். டீசல் அதே கடகடப்போடு, சத்தம் ஏறாமலே இழுத்துப் போகும். ஆனால் 1,500 சுற்றுக்குக் கீழே விட்டால் டர்போ தூங்கிவிடும், டீசலும் திணறும். தேர்ந்த டிரைவர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார். திரும்பிய பிறகு தடுமாறமாட்டார். நான் ரசிப்பது என்ஜினைவிட இதைத்தான்.

மெட்டு ஏறி, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் நேரான சாலை கிடைத்தால் பெட்ரோலின் முறை. 4,000 சுற்றில் டீசல் களைத்துப்போகும் இடத்தில் அது உற்சாகமாகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: டர்போ பெட்ரோல் டாடா நெக்ஸான் 1,750 சுற்றிலேயே 170 நியூட்டன் மீட்டர் தருகிறது. அது முன்னால் போனால், கண்ணை மூடிக்கொண்டு டீசலா பெட்ரோலா என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டுபவர் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும்.