கண்ணகியின் வழிநடை

புகாரில் வாய் திறவாதிருந்த கண்ணகி, மதுரை அரசவையில் திடீரெனச் சீறி எழுவது பொருந்தவில்லை என்பார் உளர். வழக்குரை காதையை மட்டும் பாடநூலில் பயின்றவர்க்கு இவ்வையம் எழுதல் இயல்பே. இடையிலுள்ள நெடுவழியை அவர்கள் கடந்திலர்.

கண்ணகி கடல்வணிகன் மாநாய்கன் மகள். காழகத்துப் பொருள்கள் புகாரில் வந்து குவிந்தமையைப் பட்டினப்பாலை கூறும். காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. பினாங்குக் கரையில் நின்று நோக்கின் வடக்கே தோன்றும் செராய் மலையை அடுத்த நாடு அது. அத்துணைத் தொலைவிலிருந்து பொருள் வந்த நகரில், அவ்வில்லத்துப் பெண்ணோ பன்னிரண்டு வயதில் மணமாகி ஒரு மாடத்திலிருந்து மற்றொரு மாடத்திற்குச் சென்றாள். அவள் அறிந்த பயணம் அவ்வளவே.

நாடுகாண் காதையில் ஒரு காதம் நடந்ததுமே மூச்சிரைக்க, அடி நோவ, மதுரை எங்குள்ளது என வினவுகிறாள். கோவலன் நகைத்து, ஆறையும் ஐந்தையும் இணைத்து விடை பகர்கிறான். பெருக்கினால் முப்பது காதம்; கேட்பவள் செவிக்கோ ஆறு அல்லது ஐந்து! அன்பினாற் சொன்ன விடைதான். எனினும் மனைவியை அவன் இன்னும் குழந்தையாகவே கருதுகிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அதன்பின் காவிரி வளத்தில் இளங்கோ திளைக்கிறார். தலைவி நெடுநேரம் மறைந்துபோகிறாள். கதையை நோக்க இது சற்று மிகையே. ஆயினும் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும், அடி இடறும் என்று கவுந்தியடிகள் எச்சரிக்குமிடம் நாட்டுவழி நடந்தார்க்கே விளங்கும் நுட்பம்.

வேட்டுவ வரியில், தெய்வமுற்ற சாலினி கண்ணகியைக் கொங்குக்கும் குடமலைக்கும் உரியவளாகப் புகழ்கிறாள். மூதாட்டி மயங்கி மொழிந்தாள் என்று கூறிக் கண்ணகி கணவன் முதுகின்பின் ஒடுங்கி முறுவலிக்கிறாள். வஞ்சிக் காண்டத்தில் மலைக்குறவர் அவளைத் தெய்வமாகக் கொண்டாடப்போவதை அறிந்த நமக்கு அம்முறுவல் நெஞ்சை வருத்துகிறது.

வெயிலில் நா உலர்ந்தும் தன் துயரை இவள் கண்டிலள் என அடைக்கலக் காதையில் கவுந்தி போற்றுவார். அது துறவியின் பார்வை. இளங்கோவோ அவளது மூச்சிரைப்பையும் நமக்குக் காட்டிவிட்டார். நோவே அறியாத தெய்வமாக அவளைத் தொடக்கத்திலேயே ஆக்கிவிடும் மேடைப் பேச்சாளர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை.

புகாரில் கணவனிடம் அவள் கூறியது சிலம்பு உள்ளது என்பது மட்டுமே. வழியெல்லாம் நடந்து, ஆயர் சேரியில் தன் கையால் சமைத்து உணவிட்ட பின்னரே, சான்றோர் வெறுக்கும் ஒழுக்கத்தை மேற்கொண்டீர் என்று அவனிடம் நேர்நின்று உரைக்கிறாள். பாண்டியன் அவையில் ஒலித்த குரல் முதலில் கேட்டது அந்தக் குடிலில்தான்.