கட்டடம் புதிது, வகுப்பறை பழையது

2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாணவர்களை 'ப' வடிவில் உட்கார வையுங்கள், கடைசி பெஞ்சு என்ற ஒன்றே வேண்டாம் என்பது அதன் சாரம். யோசனைக்கு வித்திட்டது 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படம். பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

கழுத்து இருக்கட்டும், இடம் எங்கே? நாம் பார்த்துப் பழகிய 20க்கு 20 அடி அறையில் நாற்பது பேர் என்றால் ஆளுக்குப் பத்துச் சதுர அடி. மூன்று சுவரை ஒட்டி ஒரு வரிசை போட்டால், கதவும் அலமாரியும் மூலைகளும் போக நாற்பது பேரும் அடங்க மாட்டார்கள். இரண்டாம் வரிசை வந்தால் கடைசி பெஞ்சும் கூடவே வந்துவிடும்.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்குக் கட்டடங்கள் கட்ட ஐந்து ஆண்டில் 7,000 கோடி ரூபாய் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட திட்டம். அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலமெங்கும் பழுதான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மழைக்கு ஒழுகாத கூரை, தனித்தனி வகுப்பறை, தண்ணீர் வரும் கழிப்பறை ஆகியவை ஆடம்பரம் அல்ல. கொரோனா காலத்தில் தனியார் பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளையும் எங்காவது உட்கார வைக்க வேண்டியிருந்ததே.

குறை, எண்ணிக்கையில் அல்ல, வரைபடத்தில் இருக்கிறது. ஊட்டிக் குளிருக்கும் வேலூர் வெயிலுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெட்டி, ஒரே தட்டையான கான்கிரீட் கூரை. ஏப்ரல் பிற்பகலில் மேல்மாடி வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், திரையில் ஓடும் பாடத்தைவிட மேலே சுற்றும் மின்விசிறிதான் எல்லாருடைய கவனத்தையும் இழுக்கும். தொடக்கப் பள்ளிகளுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் தந்தது நல்ல முயற்சிதான். ஆனால் திரை வந்ததும் கரும்பலகை இருந்த சுவரையே எல்லாரும் பார்க்கிறார்கள். பாடம் சொல்லும் முறை அங்கே அணுவளவும் மாறவில்லை.

இதைவிடத் துணிந்த மாற்றத்தை இதே தமிழ்நாடு செய்திருக்கிறது, அதுவும் குறைந்த செலவில். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவியது செயல்வழிக் கற்றல். பிள்ளைகள் தரையில் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிலும் தாழ்நிலைக் கரும்பலகை, ஆளுக்கொரு பங்கு. தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. பிள்ளைகள் தாமே படிக்கத் தந்த பாட அட்டைகள் கிழிந்ததும், ஒரே ஆசிரியர் பல வகுப்பைச் சமாளிக்கத் திணறியதும் உண்மை. ஆனாலும் எப்படிக் கற்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப அறையை மாற்றினார்கள். இன்று தலைகீழ்: கட்டி முடித்த பிறகு, எப்படி உட்கார வைப்பது என்று சுற்றறிக்கை வருகிறது.

இடமில்லாத நகரப் பள்ளிகளில் மேலே மாடி எழுப்புவது வேறு வழியில்லாத தீர்வு. அங்கும் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகள் கருகியதற்குக் கீற்றுக் கூரை மட்டும் காரணமல்ல, குறுகலான மாடிப்படியும் காரணம். சிறு வகுப்புகளைத் தரைத்தளத்திலேயே வைப்பது, இரண்டாவது படிக்கட்டு அமைப்பது, விளையாட்டுத் திடலை விழுங்காமல் கட்டுவது ஆகிய மூன்றையும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உங்கள் ஊரில் புதுக் கட்டடம் வருகிறதென்றால் அடிக்கல் நாட்டு விழாவுக்குப் போவதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு முன் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து அதைப் பாருங்கள். ஜன்னல் எந்தத் திசை என்பதையாவது கேளுங்கள்.