பேண்ட் வாத்தியத்துக்கும் ஒரு புள்ளித்தாள் வேண்டும்

2008 ஓகஸ்ட். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், புளூமிங்டன் மைதானம். ட்ரம், பியூகிள் குழுக்களுக்கான ‘ட்ரம் கோர் இன்டர்நெஷனல்’ சம்பியன் போட்டியின் இறுதி இரவு. பேண்டம் ரெஜிமென்ட் குழுவுக்கு 98.125 புள்ளிகள், புளூ டெவில்ஸ் குழுவுக்கு 98.100. ஒரு புள்ளியின் நாற்பதில் ஒரு பங்கில் கிண்ணம் கைமாறியது. கோடைகாலம் முழுக்க ஊர் ஊராக பஸ்ஸில் போய், பாடசாலை மண்டபங்களின் தரையில் படுத்தெழும்பிப் பயிற்சி எடுத்த பிள்ளைகளின் உழைப்பை அந்த நாற்பதில் ஒரு பங்கு பிரித்துக் காட்டியது.

பேண்ட் அடிப்பதற்கு இத்தனை நுணுக்கமாகப் புள்ளி போடுவார்களா என்று நம் கரையோர ஊர்களில் பலர் கேட்கக்கூடும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பேண்ட் வாத்தியம் என்றதும் நினைவுக்கு வருவது வரவேற்புத்தான். பிரதம அதிதி வாகனத்தை விட்டு இறங்குவார், மாலை விழும், பேண்ட் முழங்கும், அதிதி மேடையேறியதும் பிள்ளைகள் நிழல் தேடி ஒதுங்கிவிடுவார்கள். அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று ஒருவரும் பேசுவதில்லை. பேண்ட் ஒரு விளையாட்டாக வளர்ந்த கதையை இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இங்கே அலசுகிறேன்.

முதலாம் உலக யுத்தம் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் சங்கங்களில் ட்ரம், பியூகிள் குழுக்களை அமைத்தார்கள். இராணுவத்தில் மிஞ்சிய பியூகிள்கள் மலிவாகக் கிடைத்தன. ஆதிகால பியூகிளுக்கு விசை கிடையாது. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் பலத்தாலும் எழுகிற இயல்பான சுரங்கள் மட்டும்தான். இராணுவ அழைப்பொலிகள் எல்லாம் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவது அதனால்தான். காலப்போக்கில் தேவாலயங்களும் சாரணர் குழுக்களும் இளைஞர்களைச் சேர்த்தன. நியூஜேர்சியில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்து 1934இல் கடேட்ஸ் பிறந்தது. 1938இல் மெடிசன் ஸ்கவுட்ஸ், 1940இல் பொஸ்டன் குருசேடர்ஸ், 1948இல் சிக்காகோவில் கவலியர்ஸ் என்று வரிசையாகக் குழுக்கள் வந்தன. கலிபோர்னியாவின் கொன்கோர்ட் நகரில் புளூ டெவில்ஸ் 1957இல் தொடங்கியது.

போட்டி விதிகளை வெகுகாலம் அந்த முன்னாள் சிப்பாய் சங்கங்களே எழுதின. எங்கே போட்டி, எவ்வளவு பரிசு, எதை வாசிக்கலாம் என்ற எதிலும் குழுக்களுக்குச் சொல் இல்லை. 1971இல் கவலியர்ஸ், மெடிசன் ஸ்கவுட்ஸ், ட்ரூப்பர்ஸ், சாண்டா கிளாரா வென்கார்ட், புளூ ஸ்டார்ஸ் ஆகிய ஐந்தும் கூட்டுச் சேர்ந்து தங்கள் நிபந்தனைகளை முன்வைத்தன. அதன் தொடர்ச்சியாகத்தான் 1972இல் ட்ரம் கோர் இன்டர்நெஷனல் உருவானது. அவ்வருடமே விஸ்கொன்சின் மாநிலத்தில் முதல் சம்பியன் போட்டி நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. அன்றிலிருந்து போட்டியின் கடிவாளம் குழுக்களின் கைக்கு வந்தது.

ஆனாலும் அந்த வாசிப்பின் தரத்தையே மாற்றியது புள்ளி போடும் முறைதான். 1983 வரை நடுவர்கள் மைதானத்துக்குள் இறங்கி, அணிவரிசைகளுக்கு இடையே அட்டையும் பென்சிலுமாக நடந்தார்கள். ஒரு குச்சி முந்தி விழுந்தால் ஒரு கோடு, ஒரு கால் பிந்தினால் ஒரு கோடு. கோட்டுக்கு 0.1 புள்ளி வெட்டு. குறைவாகப் பிழைவிட்டவரே வென்றவர். இப்படி மதிப்பிட்டால் எந்தப் பயிற்றுவிப்பாளரும் கடினமானதைத் தொடமாட்டார். இலகுவானதைப் பிசகில்லாமல் செய்து காட்டுவதே புத்திசாலித்தனம் ஆகிவிடும்.

1984இல் அந்த முறை கைவிடப்பட்டது. என்ன செய்ய முயன்றார்கள், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் புள்ளி கூட்டத் தொடங்கினார்கள். துணிந்தவனுக்கு வாசல் திறந்தது. இடமும் வலமும் ஒன்றுபோல நகர்ந்த பழைய அணிகளைக் கலைத்து, ஜோர்ஜ் சிங்காலி என்ற வடிவமைப்பாளர் கடேட்ஸ் குழுவை மைதானம் முழுவதும் சமச்சீரில்லாத வளைவுகளில் ஓடவிட்டார். அந்தப் பாணி கோலோச்சியது. வாத்தியங்களும் கூடவே வளர்ந்தன. 1990இல் மூன்று விசைப் பியூகிள்களுக்கும், 2000இல் எந்தச் சுருதியிலுமான பித்தளை வாத்தியங்களுக்கும் அனுமதி வந்தது. இன்றைய கணக்கில் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, இசைக்கு 30, காட்சிக்கு 30. இதுவரை எட்டப்பட்ட உச்சம் 2014இல் புளூ டெவில்ஸ் பெற்ற 99.650. 21 தடவை சம்பியனான அந்தக் குழுவுக்கும் முழு நூறு கிட்டவில்லை. பொஸ்டன் குருசேடர்ஸ் தனது முதல் சம்பியன் பட்டத்துக்காக 2025 வரை காத்திருந்தது.

அந்த மைதானத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். ஐந்து யார் இடைவெளியை எட்டு எட்டில் கடக்க வேண்டும். ஓர் எட்டு 22.5 அங்குலம். அணி வளைந்து திரும்பும்போது வெளியோரத்தில் இருப்பவர் எட்டை நீட்ட வேண்டும், உள்ளோரத்தில் இருப்பவர் சுருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும், ஊதும் மூச்சும் குலையக்கூடாது.

அதைவிடப் பெரிய சோதனை ஒலி. அது ஒரு செக்கனில் சுமார் 340 மீற்றர்தான் பயணிக்கும். 90 மீற்றர் நீள மைதானத்தின் ஒரு கோடியில் அடித்த ட்ரம் மறு கோடிக்கு வந்து சேரக் கால் செக்கனுக்கு மேலாகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கு அரைச் செக்கன். அதாவது காதை மட்டும் நம்பி வாசிப்பவர் அரைத் தட்டுப் பிந்திவிடுவார். அதனால்தான் தூரத்தில் நிற்பவர்கள் ட்ரம் மேஜரின் கையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். ட்ரம் அணி பெரும்பாலும் நடுவில், பின்னால் நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான். பின்னாலிருந்து வரும் ஒலியோடு முன்வரிசை சேர்ந்தால் பார்வையாளருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். நம் இல்ல விளையாட்டுப் போட்டிகளின் அணிநடையில் கடைசி வரிசையின் கால் ஏன் மாறிப்போகிறது என்பதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. அது பிள்ளைகளின் அசட்டை அல்ல, தூரத்தின் விளைவு. ட்ரம்மை நிறுத்தும் இடத்தை மாற்றினாலே பாதி சீராகும்.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். பத்துத் தடவை சம்பியனான கடேட்ஸ் குழு, பாலியல் துஷ்பிரயோகம் தொடர்பான வழக்குகளின் சுமையோடு 2024 தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. தொண்ணூறு வருடப் பெயர், கிண்ணங்கள் நிறைந்த அலுமாரி எதுவும் காப்பாற்றவில்லை. பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போய் இரவு தங்கவைக்கும் எந்தக் குழுவும் அவர்களின் பாதுகாப்பை விதியாக எழுதி, பெற்றோரின் கண்முன் வைத்துத்தான் முதல் தட்டைத் தட்ட வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். இலங்கையில் மாணவர் படையணியின் வேர் 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் இருக்கிறது. இன்று தேசிய மாணவர் படையணியின் ரந்தம்பே முகாமில் பேண்ட் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் ரந்தம்பே வரை போகக்கூடியவை சில பாடசாலைகள்தான். கல்முனை ஸாஹிரா 1949இலிருந்து இயங்குகிறது. சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று பார்த்தால் பாடசாலைகளுக்குப் பஞ்சமில்லை. தாளம் நமக்குப் புதிதும் அல்ல. கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பக்கீர் பாவாக்களின் றபானைக் கேட்டும், களிகம்பின் அடிக்குத் தாளம் போட்டும் வளர்ந்த கரை இது. ஊதுவாத்தியம் பற்றி மார்க்க ரீதியான தயக்கம் உள்ள குடும்பங்களும் இங்கே உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்தே வழி காணலாம். அமெரிக்காவில் ஊதுகுழல்களை விட்டுவிட்டுத் தாள வாத்தியங்களை முதன்மையாக வைத்து உள்ளரங்கில் நடக்கும் போட்டி 1990களிலிருந்து தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. றபானையும் சேர்த்து ட்ரம் மட்டும் வாசிக்கும் ஒரு பிரிவு நமக்கு நன்றாகவே பொருந்தும்.

இன்னொரு குறை வயது. சாதாரண தரப் பரீட்சை வந்ததும் நம் பிள்ளை குச்சியைக் கீழே வைக்கிறான். உயர்தரத்தோடு பாடசாலைக் கதவும் மூடிவிடுகிறது. கை பழகி வரும் வயதில் வாசிப்பு நின்றுபோகிறது. அமெரிக்கக் குழுக்கள் பாடசாலைக்கு வெளியே, ஊரின் பெயரில் நிற்பவை. 21 வயதுவரை சேரலாம். ஒவ்வோர் ஊரிலும் நாலைந்து விளையாட்டுக் கழகம் வைத்திருக்கும் நாம், கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் தரலாம்.

தொடங்குவதற்குக் கோடிகள் வேண்டாம். சந்தாங்கேணி மைதானத்தில் ஒரு மாலை, சுண்ணாம்புக் கோடு, மூன்று நடுவர்கள் போதும். ஒருவர் வாசிப்புக்கு, ஒருவர் அணிநடைக்கு, ஒருவர் மொத்தத் தாக்கத்துக்கு. துணிந்து கடினமானதைச் செய்த குழுவுக்குப் புள்ளி கூடட்டும். ட்ரம் கோர் நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கள் கருத்துகளைப் பேசிப் பதிவுசெய்து குழுக்களிடம் கொடுப்பார்கள். இன்று ஒரு கைத்தொலைபேசியே அதைச் செய்யும். முடிவில் புள்ளித்தாளை ஒளிக்காமல் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். எந்தக் குழு எங்கே எத்தனை புள்ளி இழந்தது என்று தெரிந்தால் அடுத்த நாளே பிள்ளைகள் அதைத் திருத்தத் தொடங்குவார்கள். அதிதியின் கைதட்டு அவர்களுக்கு அதைச் சொல்லித் தராது. இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டிகள் முடிந்த கையோடு அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் கழகங்களும் ஒரே மேசையில் அமர்ந்து திகதி குறிக்கட்டும்.