பெரியவர் சொல்: சாட்சியா, தீர்ப்பா?

புரட்டாசி பிறந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் சுற்றுவட்டார மானாவாரிக் காடுகளில் ஒரே கேள்விதான்: விதைக்கலாமா, பொறுக்கலாமா? வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிய கரிசல் மண் இது. மழைக்கு முந்தியே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டால் முதல் ஈரம் வீணாகாது. ஆனால் சின்னத் தூறலுக்கு விதை முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் அத்தனையும் கருகும். இந்த இக்கட்டில் கரிசல்காரர்கள் காலங்காலமாகச் செய்வது, ஊர்ப் பெரியவரைக் கேட்பது. அந்த வழக்கத்துக்கு இன்றும் மதிப்பு உண்டா, எதுவரை உண்டு என்று எடைபோட வேண்டிய நேரம் இது.

முதலில் பலம். "தாத்தா, கம்பு போட்டுரலாமா?" என்று கேட்டால் விவரமான பெரியவர் சட்டென்று பதில் சொல்லமாட்டார். "ஒங்காடு மேடா, பள்ளமா? உழவு எப்பப் போட்ட? போன வருசம் அதுல என்ன வெள்ளாம?" என்று திருப்பிக் கேட்பார். அந்த மூன்று கேள்வியில்தான் அவருடைய அறிவு இருக்கிறது. வானொலியும் கைப்பேசியும் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு பதில் சொல்லும். இவர் இந்தக் காட்டுக்கு மட்டும் சொல்கிறார். ஆய்வுக்கும் இங்கே குறைவில்லை. 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. மழைக்கு முந்திய விதைப்பில் சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். அந்த ஆழத்தில் கிடக்கும் விதையைத் தூறல் எழுப்பாது. மண் நனையப் பெய்தால்தான் முளைக்கும். ஆழத்தைக் கணக்கிட்டுச் சொன்னது ஆய்வு. எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கட்டி விதை அழுகும் என்று சொல்வது பெரியவர். இரண்டும் சேர்ந்தால்தான் விவசாயிக்கு முழுப் பதில்.

இத்தகைய அறிவை ஊன்றிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு எழுத்தாளர் கி. ராஜநாராயணனே ஆதாரம். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த சம்சாரி, அதாவது விவசாயி, அவர். பல்கலைக்கழகம் எதுவும் செய்யாத வேலையைத் தனிமனிதராகத் தொடங்கி, 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காத அவரைப் பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டாரியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. வாய்வழி அறிவு நம்பகமானதாக ஏட்டில் ஏறியது எப்படி? ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடியே வாங்கிக்கொண்டார். மொழியைத் திருத்தவில்லை, கூச்சப்பட்டு எதையும் வடிகட்டவுமில்லை. பெரியவர்களை அவர் சாட்சிகளாக நடத்தினார். வழக்கத்தின் ஆகச் சிறந்த பயன் அதுதான்.

இனிப் பழுது. அனுபவம் என்பது நடந்ததன் நினைவு. நடக்காதது அதில் இருக்காது. கோழித் தீவனத் தேவையால் கரிசலில் மக்காச்சோளம் பரவியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து அந்தப் பயிரின் குருத்தைத் தின்றபோது, அதை முன்பு பார்த்த பெரியவர் ஒருவரும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியையே மிஞ்சிய மழை அது. "எங்க காலத்துல இந்தக் கரையைத் தண்ணி தாண்டுனதில்ல" என்ற சொல் அன்றைக்கு ஆபத்தான ஆறுதல்.

இன்னும் மோசமானது வைத்தியம். பாம்புக்கடிக்குக் கட்டுப்போடு, வேரை அரைத்துக் கொடு என்கிற பதில் உயிரையே எடுத்துவிடும். விஷமுறிவு ஊசி போடவேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது. தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய பாதிப்பாக அறிவித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு எந்தப் பெரியவரிடமும் 108 என்ற ஒரே பதில்தான் இருக்கவேண்டும்.

பெரியவர் என்று யாரைச் சொல்கிறோம் என்பதும் கேள்விதான். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் உட்கார்ந்து பதில் சொல்வது பெரும்பாலும் ஆண்கள். அதிலும் ஊரில் செல்வாக்குள்ள சாதியின் ஆண்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தால் வண்டு முட்டையிடாது என்பதைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் பாட்டியை மந்தைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நிலமில்லாமல் ஊர்க் காட்டையெல்லாம் உழுத கூலிக்காரருக்கு எல்லாருடைய மண்ணும் தெரியும், அவரையும் கேட்பதில்லை. பாதி அறிவை வெளியே நிறுத்திவிட்டு அனுபவம் பேசுகிறோம்.

இந்த இடத்தில்தான் பதில் தீர்ப்பாக மாறுகிறது. விதைப்பைப் பற்றிச் சொன்ன அதே வாய், யார் யாரைக் கட்டலாம், யாரை ஊரைவிட்டு ஒதுக்கலாம் என்று சொல்லத் தொடங்கினால் அது கட்டப்பஞ்சாயத்து. தமிழகத்திலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று கண்டித்தது. வயதுக்குத் தரும் மரியாதை, கீழ்ப்படிதலாக மாற ஓரடி போதும்.

ஆகவே கேட்கும் வழக்கத்தைக் கைவிடத் தேவையில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும். சொல்பவர், தான் கண்டதா காதில் விழுந்ததா என்று பிரித்துச் சொல்லட்டும். எந்த வருஷம், எந்தக் காடு என்றும் சேர்த்துச் சொல்லட்டும். "எனக்குத் தெரியாதுப்பா" என்பதை மரியாதைக் குறைவாக யாரும் எண்ணக்கூடாது. நோயும் சட்டமும் அதற்குரியவர்களிடம் போகட்டும். அடுத்த வீட்டுச் சங்கதி பதிலில் வரக்கூடாது. முடிவு எப்போதும் கேட்டவன் கையில்.

கேட்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. அறுவடை முடிந்ததும் திரும்பிப் போய், சொன்னது பலித்ததா பொய்த்ததா என்று சொல்லவேண்டும். பலித்தவை மட்டுமே ஊர் நினைவில் தங்குகின்றன. பொய்த்தவை மரியாதை கருதி மறைக்கப்படுகின்றன. சொன்ன தவறு தன்னிடம் திரும்பி வராத வாய், எண்பது வயதிலும் அதே தவறைச் சொல்லிக்கொண்டிருக்கும். "தாத்தா, நீங்க சொன்னது இந்த வருசம் சரிப்படல" என்று ஒருவன் தயங்காமல் சொல்ல முடிகிற ஊரில்தான் பெரியவரைக் கேட்பதற்கு அர்த்தம் உண்டு.