சிங்கத்துக்கு ஆகும் செலவு யார் கணக்கில்?

காட்டு விலங்கு அரசின் சொத்து. அது தின்று தீர்த்த பயிரும் அடித்துப்போட்ட மாடும் குடியானவர் தலைவிதி. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் காலனியாட்சி விட்டுச்சென்ற ஏற்பாடு இது. நமீபியா 1996-இல் இதைச் சட்டத்தால் திருத்தியது. வெள்ளைக்காரப் பண்ணையாளர்கள் மட்டும் அனுபவித்துவந்த உரிமை பொது நிலத்து மக்களுக்கும் கிடைத்தது. எல்லையை வரையறுத்து, உறுப்பினர்களைச் சேர்த்து, குழுவைத் தேர்ந்தெடுத்துச் சமூகக் காப்பகமாகப் பதிவு செய்தால், விலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கே. 1998-இல் நான்கு சமூகக் காப்பகங்கள் பதிவாயின, இன்று 86. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றிடம் இருக்கிறது.

இந்த உரிமைதான் காப்பகத் திட்டத்தின் உயிர். அதற்கான வித்து சட்டத்துக்கு முன்பே விழுந்தது: வடமேற்கே குனேனேயில், 1980களில் காட்டுயிர்ப் பாதுகாவலர் கார்த் ஓவன்-ஸ்மித் ஊர்த்தலைவர்களுடன் பேசி உள்ளூர்க்காரர்களையே காவலுக்கு அமர்த்தினார். தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, வேலியில்லாமல் கருப்புக் காண்டாமிருகங்கள் கணிசமாகத் திரியும் அபூர்வ இடமாக இன்றும் அது இருப்பதில் அந்தக் காவலுக்குப் பெரும் பங்குண்டு.

பணம் வரும் வழிதான் பலவீனம். பெரும்பங்கு சுற்றுலா விடுதிகளிடமிருந்தும், கட்டணம் கட்டி வரும் வெளிநாட்டு வேட்டைக்காரர்களிடமிருந்தும் வருகிறது. இரண்டுமே அயல்நாட்டார் பயணத்தை நம்பியவை. 2020-இல் கொரோனா வந்ததும் விமானம் நின்றது, வருமானமும் நின்றது. அரசும் கொடையாளர்களும் அவசர நிதி திரட்டித்தான் காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேட்டைக்கும் உத்தரவாதம் கிடையாது. வேட்டையாடிய விலங்குகளின் தலை, தோல், கொம்புகளைக் கொண்டுவரத் தடைவிதிக்கும் மசோதா 2023-இல் பிரிட்டிஷ் மக்களவையில் நிறைவேறி, பிரபுக்கள் அவையில் முடங்கியது. பொழுதுபோக்காகச் சுடுவது எனக்கும் உவப்பில்லை. ஆனால் அந்த வருமானம் போனால் ஈடு யார் தருவது? தடை கேட்பவர்களிடம் திருப்தியான பதிலை நான் இன்னும் பார்க்கவில்லை.

வந்த பணம் போய்ச்சேரும் இடமும் சிக்கலானது. குழுவின் கையில் விழும் தொகையில் பெரும்பகுதி சம்பளம், வண்டி, டீசல், அலுவலகம் என்று கரைகிறது. சிங்கம் மாட்டை அடிப்பதோ தனி ஒரு வீட்டில். அந்த வீட்டுக்குக் கிடைக்கும் ஈட்டுத்தொகை மாட்டின் சந்தை விலைக்கு எட்டுவதில்லை. விடுதி அமையாத வறண்ட காப்பகங்களில் இதுவும் இழுபறிதான்.

புதிய முயற்சிகளில் ‘வைல்ட்லைஃப் கிரெடிட்ஸ்’ கவனிக்கத்தக்கது. யானை வழித்தடத்தில் உழாமல் விட்டதற்கும், சிங்கமோ காண்டாமிருகமோ உயிரோடு தென்பட்டதற்கும் காப்பகத்துக்குப் பணம் தருகிறார்கள். பாதுகாப்பின் பலனுக்கே நேரடியாகக் கூலி என்பதால், இருப்பவற்றில் நேர்மையான முறை இதுவே. ஆனால் பணம் போடுபவர்கள் மறுபடியும் கொடையாளர்களும் நிறுவனங்களும்தான். அவர்கள் மனம் மாறினால் பழைய கதைதான்.

தேவைப்படுவது அசலைத் தொடாமல் வட்டியில் நடக்கும் ஒரு வைப்புநிதி. காண்டாமிருகம் வாழவேண்டும் என்று விரும்பும் பணக்கார நாடுகள் அதில் முதல் போடவேண்டும். காவலர் சம்பளம் அந்த வட்டியிலிருந்து வரட்டும். விடுதிப் பணமும் வேட்டைப் பணமும் மாடு இழந்த வீட்டுக்கு முதலில் போகட்டும்.